நாலு தடவை பார்த்தவர் யார்?

விளம்பரக் கேம்பெய்ன் ஒன்று ஓடி முடிந்ததும் கிளையன்டுக்கு ரிப்போர்ட் அனுப்புவோம். நாற்பது ஸ்லைடு இருந்தாலும் அவர்கள் கண் போவது இரண்டே எண்களுக்குத்தான். ரீச் எவ்வளவு? ஃப்ரீக்வென்சி எவ்வளவு? "ரீச் 60 சதவீதம், ஆவரேஜ் ஃப்ரீக்வென்சி 4" என்று வாசித்தால் அறையில் இருக்கிற அத்தனை தலைகளும் ஆடும். எந்த விளம்பரத்தை எங்கே, எத்தனை முறை காட்டுவது என்று திட்டமிடுகிற மீடியா பிளானிங்குக்கு வந்த புதிதில் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 4-ஐப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரிப்போர்ட்டில் வருகிற ஃப்ரீக்வென்சியைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. அது வகுத்து வருகிற எண். அளக்க வேண்டியது வேறொன்று. அளக்கக் கஷ்டமானதும் அதுதான்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். விளம்பரம் யாரைக் குறிவைத்து எடுக்கப்பட்டதோ அவர்கள் டார்கெட் ஆடியன்ஸ். அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஒரு முறையாவது பார்த்தார்கள் என்பது ரீச். பார்த்தவர்கள் சராசரியாக எத்தனை முறை பார்த்தார்கள் என்பது ஃப்ரீக்வென்சி. இரண்டையும் பெருக்கினால் ஜிஆர்பி. 60 பேர், ஆளுக்கு 4 முறை என்றால் 240 ஜிஆர்பி. இதே 240, 80 பேருக்கு 3 முறையாகவும் வரலாம், 30 பேருக்கு 8 முறையாகவும் வரலாம். ஆன்லைனில் சதவீதத்துக்குப் பதில் தலைகளை அப்படியே எண்ணிப் பெருக்கி இம்ப்ரெஷன் என்பார்கள். விஷயம் ஒன்றுதான்.

இதில் மொத்தத்தை எண்ணுவது சுலபம். விளம்பரம் ஒவ்வொரு முறை திரையில் இறங்கும்போதும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கிறது. வரிகளைக் கூட்டினால் இம்ப்ரெஷன் ரெடி. ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் எத்தனை தனித்தனி ஆட்கள்? நேற்று காலையில் பார்த்தவரும் இன்று ராத்திரி பார்த்தவரும் ஒரே ஆள்தானா? இது தெரிந்தால்தான் ரீச். ரீச் வந்த பிறகு மொத்தத்தை அதால் வகுத்தால் ஃப்ரீக்வென்சி. ஆக, ரீச்சில் ஒரு பிழை இருந்தால் அதே பிழை தலைகீழாக ஃப்ரீக்வென்சியில் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டையும் திரும்பப் பெருக்கினால் மொத்தம் அச்சுப் பிசகாமல் வரும். பில் சரியாக இருக்கும், ஆடிட்டும் தேறும். தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் இரண்டு தப்புகளும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டன.

ஒரு பெண்மணி ஒரு மாதத்தில் நம் விளம்பரத்தை 12 முறை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைபேசியில் ஒரு பிரவுசரில் 3, அதே கைபேசியில் வேறொரு ஆப்பில் 3, ஆபீஸ் லேப்டாப்பில் 3, வீட்டு டேப்லெட்டில் 3. குக்கியையோ (பிரவுசரில் விட்டுவைக்கிற சின்ன அடையாளக் கோப்பு) கருவியையோ வைத்து எண்ணுகிற ஒரு முறைக்கு இவர் ஒருவர் இல்லை, நாலு பேர். நாலு பேரும் ஆளுக்கு 3 முறை பார்த்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ரீச் நாலு மடங்கு, ஃப்ரீக்வென்சி அளவாக 3. நிஜத்தில் ரீச் 1, ஃப்ரீக்வென்சி 12. அவர் நம் பிராண்டின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். இடையில் குக்கியை அழித்துவிட்டால் ஐந்தாவதாக ஒரு ஆள் பிறப்பார். ஆப்பிள் 2017-இல் தன் சஃபாரி பிரவுசரில் பின்தொடரும் குக்கிகளின் கையைக் கட்டியது, 2021-இல் ஐபோன் ஆப்களும் அனுமதி கேட்டுத்தான் பின்தொடர முடியும் என்றது. பயனாளியின் அந்தரங்கத்துக்கு நல்லது. எங்கள் தலைக்கணக்குக்கு அது இன்னும் கொஞ்சம் இருட்டு.

வீங்கிய ரீச்சுக்கு எல்லாரும் பார்க்க ஒரு உதாரணம் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வாளர், 18 முதல் 24 வயதுக்காரர்களில் 4.1 கோடிப் பேரை எட்டலாம் என்று ஃபேஸ்புக்கின் விளம்பரக் கருவி காட்டுவதைக் கவனித்தார். மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த வயதில் இருந்தவர்களே 3.1 கோடிதான். எங்கள் மதிப்பீடு சென்ஸஸோடு பொருந்துவதற்காகச் செய்யப்பட்டது இல்லை என்பது நிறுவனத்தின் பதில். இதில் கவனிக்க வேண்டியது, அந்த எண் நிஜமாக எட்டிய கணக்கு அல்ல, எட்டக்கூடிய கணக்கு என்பது. ஆனால் பிளானை அந்த எண்ணை வைத்துத்தான் போடுகிறோம்.

டிவியில் நிலைமை நேர்மாறு. அங்கே பேனல். தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து, யார் பார்க்கிறார்களோ அவர்கள் தங்கள் பட்டனை அழுத்துவார்கள். அமெரிக்காவில் டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கிற நீல்சன் நிறுவனம் இந்த பீப்பிள் மீட்டருக்கு மாறியது 1987-இல். இங்கே ஆள் யார் என்று தெரியும். திங்களன்று பார்த்தவரும் வியாழனன்று பார்த்தவரும் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்லலாம். பேனலுக்குள் ரீச்சை மதிப்பிடாமல் எண்ணியே சொல்லிவிடலாம். ஆனால் பேனல் சின்னது. ஒரு வீடு பல்லாயிரம் வீடுகளுக்காகப் பேசும். பெரிய சேனல் என்றால் பரவாயில்லை. சின்ன சேனலில் நடுராத்திரி ஓடிய விளம்பர ஸ்பாட்டை பேனலில் மூன்று பேர் பார்த்திருந்தால், அந்த மூன்று பேரில் ஒருவர் தூங்கப் போனதும் உங்கள் ரேட்டிங் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு பக்கம் ஆட்கள் தெரிகிறார்கள், எண்ணிக்கை போதவில்லை. இன்னொரு பக்கம் எண்ணிக்கை கொட்டிக் கிடக்கிறது, ஆட்கள் யாரென்று தெரியவில்லை. எங்கள் தொழிலின் பாதித் தலைவலி இந்த இரண்டையும் ஒட்டவைப்பதில்தான்.

சரி, ரீச் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அந்த 4 உண்மையா?

சில வருடங்களுக்கு முன் ஒரு கிளையன்ட் மீட்டிங்கில் பிராண்ட் மேனேஜர் என்னைக் கேட்டார்: "மேடம், என் மாமியார் ராத்திரி முழுக்க நம்ம ஆட்தான் வருதுன்னு திட்டுறாங்க. என் வீட்டுக்காரர் அப்படி ஒரு ஆட் வந்துச்சான்னு கேக்கிறார். நீங்க நாலுங்கிறீங்க. யாரு அந்த நாலு?" அறையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அதுவரை என்னிடம் யாரும் கேட்டிராத, கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது. அன்று மாலையே டிஸ்ட்ரிபியூஷனை, அதாவது எத்தனை பேர் எத்தனை முறை பார்த்தார்கள் என்ற பிரிவை, எடுத்துப் போட்டேன்.

எண்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். டார்கெட்டில் 100 பேர். 60 பேர் பார்த்தார்கள், மொத்தம் 240 முறை. பிரித்துப் பார்த்தால்: 24 பேர் ஒரே ஒரு முறை. 12 பேர் இரண்டு முறை. 7 பேர் மூன்று முறை. 5 பேர் நாலு முறை. மீதி 12 பேர்? முதல் நாலு கூட்டத்தையும் சேர்த்தால் 24, 24, 21, 20 என்று 89 முறைதான் ஆகிறது. அப்படியானால் 240-இல் மிச்சம் 151 முறையும் அந்தப் பன்னிரண்டு பேர் தலையில். ஆளுக்குப் பன்னிரண்டரைக்கு மேல். பார்த்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள், காட்டிய விளம்பரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். சராசரியான 4-ஐ நிஜமாகவே பார்த்தவர்கள் 5 பேர். மாமியார் அந்தப் பன்னிரண்டில் ஒருவர். வீட்டுக்காரர், பார்க்காத நாற்பதில் ஒருவர்.

இது யாருடைய தவறும் இல்லை. ஆட்கள் ஊடகத்தைப் பார்க்கிற விதமே அப்படித்தான். டிவியை அதிகம் பார்ப்பவர் எந்தச் சேனலில் ஸ்பாட் போட்டாலும் சிக்குவார். கொஞ்சமாகப் பார்ப்பவர் எதில் போட்டாலும் நழுவுவார். ஜிஆர்பியை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் ரீச் வேகமாக ஏறும். பிறகு வளைந்து படுத்துவிடும். அதற்கு மேல் கொட்டுகிற பணமெல்லாம் ஏற்கெனவே பார்த்தவருக்கே இன்னொரு முறை காட்டுவதற்குப் போகிறது. ஆவரேஜ் ஃப்ரீக்வென்சி ஏறுவதைச் சாதனையாகக் காட்டுகிற ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ரீச் படுத்த பிறகு ஃப்ரீக்வென்சி ஏறாமல் வேறென்ன செய்யும்?

எத்தனை முறை பார்த்தால் போதும் என்ற கேள்விக்குத் தொழிலில் ஒரு மந்திர எண் உண்டு: மூன்று. "த்ரீ ப்ளஸ் ரீச்" என்று பிளானர்கள் சொல்வது இதைத்தான், மூன்று முறையும் அதற்கு மேலும் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம் என்று. மேலே சொன்ன கணக்கில் அது 24 பேர். இந்த மூன்றின் பின்னால் ஹெர்பர்ட் க்ரக்மன் இருக்கிறார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ஆராய்ச்சி செய்தவர். 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். முதல் முறை பார்க்கும்போது மனம் "இது என்ன?" என்கிறது. இரண்டாம் முறை "இதனால் எனக்கு என்ன?" என்கிறது. மூன்றாவது நினைவூட்டல், மனம் விலகத் தொடங்குவதும் அங்கேதான். மனதளவில் நாலாவது என்று ஒன்று கிடையாது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் மூன்றாவதின் மறுபடிதான் என்றார். அவர் சொன்னது மனதின் மூன்று நிலைகளை. ஒருவர் இருபது முறை திரையில் பார்த்தும் முதல் நிலையிலேயே நிற்கலாம், அவருக்கு அந்தப் பொருள் தேவைப்படும் நாள் வரை. 1979-இல் மைக்கேல் நேப்பிள்ஸ் அமெரிக்க விளம்பரதாரர் சங்கத்துக்காக எஃபெக்டிவ் ஃப்ரீக்வென்சி, அதாவது எத்தனை முறை காட்டினால் பலன் கிடைக்கும் என்பது பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அதன் பிறகு மூன்று என்பது பிளானர்களின் ஷீட்டில் ஒரு நெடுவரிசையாகவே குடியேறிவிட்டது. மனதின் நிலைகள் ஸ்பாட்டுகளின் எண்ணிக்கையாக மாறியது அப்படித்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியரும் மூன்று என்பார். ஏன் சார் மூன்று என்று கேட்டால், "இரண்டு கம்மி, நாலுக்கு பட்ஜெட் இல்ல" என்பார். க்ரக்மனைவிட நேர்மையான பதில் என்று இன்றும் நினைக்கிறேன்.

1995-இல் விளம்பர ஆய்வாளர் ஜான் ஃபிலிப் ஜோன்ஸ் இதை ஆட்டிவைத்தார். ஒரே வீட்டில் என்ன விளம்பரம் பார்த்தார்கள், பிறகு என்ன வாங்கினார்கள் என்று இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்த தரவை எடுத்துப் பார்த்தார். வாங்குவதற்கு முந்தைய ஏழு நாளில் ஒரு முறை பார்த்ததுதான் பெரும்பகுதி விளைவைத் தருகிறது, இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ப்பது கொஞ்சமே என்று வந்தது. எர்வின் எஃப்ரான் என்ற பிளானர் இதைப் பிடித்துக்கொண்டு ரீசென்சி என்ற வழியைச் சொன்னார். ஒருவரை மூன்று முறை அடிக்காதே. வாங்கப் போகிறவர் ஒவ்வொரு வாரமும் இருப்பார், எத்தனை வாரம் முடியுமோ அத்தனை வாரமும் நிறையப் பேரை எட்டிப் பிடி. இந்தத் தரவுகள் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த, அடிக்கடி வாங்குகிற பொருட்களைப் பற்றியவை என்பதை மறக்கக்கூடாது. புது பிராண்ட், புரிய நேரமெடுக்கிற பொருள், மூன்றே நாள் நடக்கிற தள்ளுபடி இதற்கெல்லாம் ஒரு முறை போதாது. ஆனால் எதற்கெடுத்தாலும் மூன்று என்பதை விட்டுவிட்டேன்.

இதில் காலமும் கலந்திருக்கிறது. ஹ்யூபர்ட் ஸீல்ஸ்கி 1959-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஒரே வரிசையில் 13 விளம்பரங்களைத் தபாலில் அனுப்பினார். ஒரு கூட்டத்துப் பெண்களுக்கு வாரம் ஒன்றாக 13 வாரம், இன்னொரு கூட்டத்துக்கு நாலு வாரத்துக்கு ஒன்று, வருடம் முழுக்க. வாராவாரம் பெற்றவர்களில் கடைசியில் 63 சதவீதம் பேருக்கு நினைவிருந்தது. விளம்பரம் நின்ற நாலே வாரத்தில் அது பாதியாகிவிட்டது. மெதுவாகப் பெற்றவர்கள் வருடக் கடைசியில் 48 சதவீதத்தில் நின்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஃப்ரீக்வென்சி 13-தான். வெறும் "13" என்று ரிப்போர்ட்டில் போட்டால் இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? அதனால் யாராவது ஃப்ரீக்வென்சி சொன்னால் "எத்தனை நாளில்?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு வாரத்து 4-உம் ஒரு மாதத்து 4-உம் உறவுகூட இல்லை.

ரீச்சைக் கூட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்னமும் கூட்டுகிறார்கள். டிவியில் 40, ஆன்லைனில் 30, ஆகவே 70 என்று ஸ்லைடு வருகிறது. இரண்டையும் பார்த்தவர்கள் இரண்டு முறை எண்ணப்படுகிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால், டிவியில் பார்க்காத 60 பேரில் 70 சதவீதம் ஆன்லைனிலும் பார்க்கவில்லை, அதாவது 42 பேர் எதிலும் பார்க்கவில்லை. ஆக 58. ஆனால் சம்பந்தமில்லை என்பதும் ஊகம்தான். இரண்டையும் பார்ப்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் 58-க்குக் கீழே இறங்கும். டிவியே பார்க்காத இளசுகள் ஆன்லைனில் இருந்தால் மேலே ஏறும். 40-க்குக் குறையாது, 70-ஐத் தாண்டாது, அவ்வளவுதான் சத்தியம்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் எல்லா நிறுவனங்களும் தங்கள் ஆட்களின் பட்டியலை ஒரு மேசையில் வைக்க வேண்டும். வைக்க மாட்டார்கள், சட்டமும் விடாது. இதற்கு ஒரு கணித வழி உண்டு, எனக்கு அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஹைப்பர்லாக்லாக் என்று பெயர். ஃபிலிப் ஃப்ளாஷோலேவும் சகாக்களும் 2007-இல் வெளியிட்டது. யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொள்ளாமல், சில கிலோபைட் அளவுள்ள ஒரு சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எத்தனை தனி ஆட்கள் என்று சின்னப் பிழையோடு சொல்லிவிடும். இரண்டு இடத்துச் சுருக்கங்களை ஒன்றாக்கினால் இரண்டிலும் சேர்ந்து எத்தனை பேர் என்றும் தெரியும், இருவரும் ஆளை ஒரே அடையாளத்தால் குறித்திருந்தால். இந்த வகை யோசனைகளையும் பேனலையும் சேர்த்துத்தான் உலக விளம்பரதாரர் கூட்டமைப்பு ஒரு சட்டகம் கொண்டுவந்தது. பிரிட்டனில் ஆரிஜின், அமெரிக்காவில் அக்விலா என்று அதன் வழியில் முயற்சிகள் நடக்கின்றன.

ஃப்ரீக்வென்சி கேப், அதாவது ஒருவருக்கு இத்தனை முறைக்கு மேல் காட்டாதே என்ற வரம்பு, வைத்துவிட்டால் தீராதா என்று கேட்பீர்கள். வைக்கத்தான் வேண்டும். ஆனால் கேப் ஒவ்வொரு தளத்துக்கும் தனி. வாரம் 3 என்று ஐந்து தளங்களில் வைத்தால், ஐந்திலும் இருக்கிற ஆளுக்கு 15. அதுவும் அவரை ஒரே ஆளாகத் தளம் அடையாளம் கண்டால். இன்னொன்று, உச்சியில் வெட்டிய இம்ப்ரெஷன்கள் தாமாகவே பார்க்காதவரிடம் போய்ச் சேராது. அடுத்தபடியாக அதிகம் பார்ப்பவரிடம் போகும், ஏனென்றால் சுலபமாகக் கிடைப்பவர் அவர்தான்.

"பார்த்தார்" என்ற சொல்லை இவ்வளவு நேரம் தாராளமாகப் போட்டுவிட்டேன். தொழிலில் அது பார்க்கக் கிடைத்த வாய்ப்பு மட்டுமே. ஓடிஎஸ் என்பது அதைத்தான். ஆன்லைன் டிஸ்ப்ளே விளம்பரத்துக்கு அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் வைத்த அளவுகோல், பாதிப் பிக்சல்கள் ஒரு நொடி திரையில் இருந்தால் அது பார்வைக்கு உகந்தது. வீடியோவுக்கு இரண்டு நொடி. திரையில் இருந்தது என்பதற்குத்தான் இது சாட்சி. கண் எங்கே இருந்தது என்பதற்கு இல்லை.

இப்போது நான் அனுப்புகிற ரிப்போர்ட்டில் ஆவரேஜ் ஃப்ரீக்வென்சி கடைசி நெடுவரிசையில், சின்ன எழுத்தில் இருக்கும். முதல் வரிசை பூஜ்யம்: ஒரு முறைகூடப் பார்க்காதவர்கள் எத்தனை பேர். அதற்குக் கீழே 1, 2, 3, 4 முதல் 6, 7 முதல் 10, 10-க்கு மேல். பக்கத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் போன பணத்தின் பங்கு. அந்தப் பங்கைப் போட்டதுதான் வேலை செய்தது. 10-க்கு மேல் பார்த்தவர்களுக்குப் போன பணத்தைப் பார்த்த பிராண்ட் மேனேஜர், அதே கேள்வி கேட்ட அந்த அம்மாதான், அடுத்த சுற்றில் பிரைம்டைம் ஸ்பாட்டுகளில் ஒரு பங்கை வெட்டி, குறைவாகப் பார்ப்பவர்கள் வருகிற இடங்களுக்கு மாற்றச் சம்மதித்தார். ஒரு ஜிஆர்பிக்கு அங்கே விலை கூடுதல், அதை மட்டும் பார்த்தால் அது நஷ்டம் போலத் தெரியும். புதிதாகக் கூடிய ரீச் புள்ளிக்கு ஆன செலவைப் போட்டுக் காட்டினேன். அதில் பிரைம்டைம்தான் விலை அதிகம்.

அந்தச் சுற்று முடிந்தபோது ரீச் 60-இலிருந்து 67 ஆகியிருந்தது. ஜிஆர்பி அதே 240. ஆவரேஜ் ஃப்ரீக்வென்சி 3.6. மீட்டிங்கில் ஃபைனான்ஸ்காரர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார்: போன தடவை நாலு, இந்தத் தடவை ஏன் குறைந்தது? நான் வாயைத் திறப்பதற்குள் பிராண்ட் மேனேஜர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, பூஜ்ய வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார்.